காஃபும் க்யூவும்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், வங்கிப் படிவத்தில் என் பெயரைப் பெரிய எழுத்துகளில் நிரப்புவேன், அவ்வளவுதான். பதினோராம் வயதில் மதரஸாவில் சேர்ந்து ஓதி ஸனது பெற்றவன் நான். பின்னர்த் தமிழின்மீது கொண்ட காதலால் அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டமும் பெற்றேன். அந்தப் பட்டத்துக்கும் ஆங்கிலத் தாள் ஒன்று உண்டு. பழைய வினாத்தாள்களின் விடைகளை, ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாமல், வரி வரியாக மனப்பாடம் செய்து எழுதித் தேறினேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன், என் இளைய மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வகுப்பாசிரியை ஆங்கிலத்திலேயே பேசினார். நான் தலையை அசைத்துக்கொண்டிருந்தேன். இடையில் அவர் ஏதோ கேட்டிருக்கிறார்; அதற்கும் தலையை அசைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மகள் குனிந்த தலை நிமிராமல், "வாப்பா, உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்" என்றாள். வீடு திரும்பும் வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு, "உம்மா வரட்டும்" என்றாள். உம்மாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் தெரியாது என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

அன்று தொட்டு மகளின் புத்தகப் பக்கம் நான் போவதில்லை. அவள் ஓதுவதைக் கேட்பேன்; தமிழ்ப் பாடத்தில் ஐயம் வந்தால் தீர்ப்பேன். ஆங்கிலம் அவளுடைய அறை. கதவைத் தட்டாமல் நான் வெளியே இருந்துகொண்டேன்.

சென்ற ஆண்டின் இறுதியில் ஓரிரவு, இஷாத் தொழுகை முடித்து வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்துப் பாயில் பலகையொன்றை விரித்து, எழுத்துப் பொறித்த சில்லுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டம். பள்ளிகளுக்கிடையே போட்டி வைத்திருந்தார்கள்; அவள் பெயரும் பட்டியலில் இருந்தது. கையில் ஒரு தாள். அதிலிருந்ததை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தாள்: "எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். டி, ஏ, எல், ஏ, க்யூ."

"என்ன மகளே அது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டது நினைவுக்கு வந்தது.

அவள் சொன்னாள்: ஆங்கிலத்தில் க்யூ என்ற எழுத்து வந்தால் அடுத்து யூ என்ற எழுத்து வந்தே தீரும். க்யூ எசமான் என்றால் யூ அவருக்குக் குடை பிடிப்பவர். பலகையாட்டத்தில் மொத்தம் 100 சில்லுகள். ஈ என்ற எழுத்துக்கு 12 உண்டு, யூவுக்கு 4, க்யூவுக்கு 1 மட்டுமே. ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில், வேலையில்லாத நாளில், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணிப் பார்த்து இந்தக் கணக்கை வகுத்தாராம். அரிய எழுத்தாகையால் க்யூவுக்குப் 10 மதிப்பெண். ஆனால் அது கைக்கு வந்து யூ வராமல் போனால் ஆட்டக்காரர் தவித்துப் போவார். ஆகவே, அடுத்து யூ வராத க்யூச் சொற்களைத் தேடித் தேடி மனனம் செய்கிறார்கள். ஐந்தெழுத்துச் சொற்களாக ஒன்பதை எழுதிவரும்படி ஆசிரியை கூறியிருந்தார். கைப்பேசியில் வேர்டில் என்று இன்னோர் ஆட்டம் 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவியதே, மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளில் கண்டுபிடிப்பது, அதற்கும் இந்தப் பட்டியல் உதவுமாம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினேன். கூட்டக் கூட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. நிகாப். புர்கா. ஃபகீர். தலாக். கனாத். கிப்லா. கோர்மா. ஊமியாக். டிராங்க்.

"ஏன் வாப்பா சிரிக்கிறீங்க?" அவள் முகம் சிறிது சுருங்கியது. நான் படிக்கத் தெரியாமல் சிரிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"இவற்றில் ஆறு சொற்கள் அரபு, மகளே. ஆறிலும் இருப்பது நம்முடைய இரண்டு புள்ளிக் காஃப்."

அவள் நம்பவில்லை. நிகாபும் புர்காவும் அவளுக்குத் தெரியும். 'டாலக்' என்று அவள் உருப்போட்டது தலாக் என்றும், 'ஃபேகர்' என்று சொல்லிக்கொண்டிருந்தது நம் தெருவுக்கு வரும் பக்கீர்சா என்றும் அவள் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. கிப்லாவைக்கூட 'க்விப்லா' என்றே சொல்லிவந்திருக்கிறாள். அந்தத் திசையை நோக்கி நாளைக்கு ஐந்து முறை நிற்கிறவள்!

கனாத் என்றால் நிலத்தடி நீர்க்கால் என்று விளக்கினேன். ஈரானில் மலையடிவாரத்து ஊற்றிலிருந்து, மண்ணுக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி, வெயில் படாமல் ஊருக்கு நீர் கொண்டுவருவார்கள். வழி நெடுகக் கிணறு போன்ற துளைகள் இருக்கும். 2016இல் யுனெஸ்கோ அவற்றில் பதினொன்றை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கோர்மா துருக்கியிலிருந்து புறப்பட்டுப் பாரசீகமும் உருதும் வழியாக வந்தது. நம் வீட்டில் பரோட்டாவுடன் வரும் குருமா அதுவே. இதைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து அவள் உம்மா, "அது மட்டும் வாப்பாவுக்கு நன்றாகத் தெரியும்" என்றாள். ஊமியாக் துருவப் பகுதி இனூயிட் மக்களின் தோல் படகு என்றும், டிராங்க் மயக்க மருந்தைக் குறிக்கும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் வெட்டுத் துண்டு என்றும் மகள் அகராதியைப் பார்த்து எனக்குச் சொன்னாள்.

பின்னர் அவள் சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள். "பொருளெல்லாம் தேவையில்லை வாப்பா. எழுத்து சரியாக இருந்தால் போதும்." நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே, அகராதிச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றாராம், 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அப்படியே வென்றாராம். அவள் கண்களில் வியப்பும் மதிப்பும் இருந்தன.

எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. எழுத்து சரியாக இருந்தால் போதும்! இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது இதைத்தானே?

நான் மக்ரஜில் கண்டிப்பானவன். இரண்டு புள்ளிக் காஃப் நாக்கின் அடிவேர் மேலண்ணத்தைத் தொட எழ வேண்டும். மற்றக் காஃப் அதற்குச் சற்று முன்னே எழ வேண்டும். முன்னதில் 'கல்பு' என்றால் நெஞ்சம். பின்னதில் 'கல்பு' என்றால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். "உன் நெஞ்சை நாயாக்கிவிடாதே" என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளின் நாவைத் திருத்தியிருக்கிறேன். ஓதுதலே நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பையன், எட்டு வயதிருக்கும், "ஆலிம்சா, நாம ஓதுறதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். "முதலில் எழுத்தைச் சரியாகச் சொல், அர்த்தம் பிறகு" என்றேன். அந்தப் 'பிறகு' வரவில்லை. அவன் வளர்ந்து கடல் கடந்து போய்விட்டான். விடுமுறையில் வந்தால் ஸலாம் சொல்வான். அவன் கேட்ட கேள்வி அவனுக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

அன்றிரவு மகளிடம், "சரி, உன் க்யூ எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று தொடங்கினேன். பழைய உஸ்தாதிடம் கேட்டதும், பின்னர் மொழி நூல்களில் படித்ததும் கலந்து சொன்னேன். பினீசியர் என்ற கடல் வணிகர்களின் எழுத்து வரிசையில் காஃப் பத்தொன்பதாவது. கிரேக்கர் அதைக் கொப்பா என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அந்த ஒலி இல்லாமையால் நாளடைவில் எழுத்தாகக் கைவிட்டு, 90 என்ற எண்ணுக்குக் குறியாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். இத்தாலிய நிலத்துக்குப் போனபோது, அங்கே ஒரே ஒலிக்கு மூன்று எழுத்துகள் ஆகிவிட்டன. கடைசியில் யூவின் முன்னால் மட்டும் நிற்கும் வேலை இதற்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் முன்பு அரசியைக் குறிக்கும் சொல்லைக்கூட சி, டபிள்யூ என்றே எழுதிவந்தார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு முறை பயின்ற எழுத்தர்கள் அதை க்யூ, யூ என்று மாற்றினார்கள். மணிமுடி தரித்தவளின் பெயரில் ஏறி அமர்ந்த எழுத்து, ஒரு காலத்தில் வேலையின்றி நின்றது என்றேன். அவள் சிரித்தாள்.

"நம்ப மாட்டாய். உன் ஆங்கில நெடுங்கணக்கைச் சொல்லு பார்ப்போம்" என்றேன். சொன்னாள். கே, எல், எம், என் என்ற இடத்தில் நிறுத்தினேன். நம் அப்ஜத் வரிசையில் 'கலமன்': காஃப், லாம், மீம், நூன். மீண்டும் சொல்லச் சொல்லி க்யூ, ஆர், எஸ், டி என்ற இடத்தில் நிறுத்தினேன். நம்மிடம் 'கரஷத்': காஃப், றா, ஷீன், தா. இரண்டு வரிசைகளும் ஒரே தாயின் பிள்ளைகள். அப்ஜதின் முதல் 22 எழுத்துகள் அந்தப் பழைய வரிசை. கடைசி 6 அரபிகள் சேர்த்தவை. அவள் தாளின் ஓரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தாயத்துக்கும் ஆண்டுக் கணக்குக்கும் மட்டுமே அப்ஜத் என்று எண்ணியிருந்தவளுக்கு அது புதிதாயிருந்தது.

அடுத்துச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும், இங்கே சற்று நீட்டுவேன். இத்தனை எழுத்துகளில் இத்தனை சொற்கள் என்று கணக்கிடும் வேலையைப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பஸராவில் ஒருவர் செய்துவிட்டார். இமாம் கலீல் இப்னு அஹ்மது அல்ஃபராஹீதி, அரபு இலக்கணத்தின் தலைமகன் ஸீபவைஹியின் ஆசிரியர், யாப்பிலக்கணத்தை வகுத்தவர். அரபு மொழி முழுவதையும் ஓர் அகராதிக்குள் கொண்டுவர அவர் எண்ணியபோது, சொற்களைத் தெருத் தெருவாகப் பொறுக்கிக்கொண்டிருக்க விரும்பவில்லை. எழுத்துகளை முன்னே வைத்து, அவை எத்தனை வகையாக நிற்கக்கூடும் என்று முதலில் கணக்குப் போட்டார். இரண்டெழுத்து 2 வகையாக நிற்கும், மூன்றெழுத்து 6 வகை, நான்கெழுத்து 24, ஐந்தெழுத்து 120. அவ்வாறு கிடைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, அரபிகள் இதைப் பேசுகிறார்களா, பேசவில்லையா என்று பார்த்தார். பேசுவதற்கு 'முஸ்தஃமல்' என்றும், பேசாமல் விட்டதற்கு 'முஹ்மல்' என்றும் பெயரிட்டார். எழுத்துகளைத் தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு வரை வரிசைப்படுத்தி, ஐன் என்ற எழுத்தில் தொடங்கினார். ஆகவே நூலுக்கும் 'கிதாபுல் ஐன்' என்றே பெயர்.

மகளிடம் காஃப், லாம், பா என்ற மூன்றெழுத்துகளைத் தந்து, மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னேன். ஆறு வந்தன. ஆறும் உயிருள்ளவை! கல்பு, நெஞ்சம். கப்லு, முன்; கிப்லா பிறப்பது இதிலேதான். லகபு, பட்டப்பெயர். லபிக், கைத்திறமும் நயமும் உடையவர். பல்கு என்ற வேரில் அப்லக், கருப்பும் வெளுப்பும் கலந்த குதிரை. பக்லு, கீரை. நெஞ்சத்தையும் கீரையையும் ஒரே மூன்றெழுத்துக்குள் வைத்திருக்கிறதே இம்மொழி என்று மதரஸா நாளில் என் உஸ்தாத் மர்ஹூம் அவர்கள் சொன்னபோது, நான் அன்று பகலுணவில் கீரையைப் பார்த்துச் சிரித்ததை அவளிடம் சொன்னேன்.

ஐந்தெழுத்துக்கு இமாம் ஒரு சோதனைக் கல்லும் தந்திருக்கிறார். நாலெழுத்தோ ஐந்தெழுத்தோ கொண்ட வேர்ச்சொல்லில் றா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆகிய ஆறில் ஒன்றேனும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அரபுச் சொல் அன்று, வெளியூரிலிருந்து வந்தது என்று அறிந்துகொள்ளலாம். தங்கத்தைக் குறிக்கும் 'அஸ்ஜத்' போன்ற சில விலக்குகள் உண்டு. ஸஃபர்ஜல் என்ற பழத்தின் பெயரை ஐந்தெழுத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதில் ஃபா, றா, லாம் மூன்றும் இருக்கின்றன. எந்த எழுத்து எதனோடு கூடும், எங்கே நிற்கும் என்று பார்ப்பது நம் தமிழுக்கும் புதிதன்று. எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று தொல்காப்பியம் ஓர் இயலில் வகுத்து வைத்திருக்கிறது.

"அப்படியானால் இந்த இமாமுக்கு ஸ்கிராபிள் ஆடத் தெரிந்திருக்கும்" என்றாள் மகள்.

"ஆடியிருப்பார். ஆனால் அர்த்தம் தேவையில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்" என்றேன். சொன்ன பிறகு, அது அவளுக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

பட்டியலை மீண்டும் பார்த்தபோது எனக்கொரு வருத்தம் எழுந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். காஃபில் எத்தனை அழகான சொற்கள் உண்டு! ஐந்தெழுத்தில் எழுதத்தக்க கலம், எழுதுகோல், அந்தத் தாளில் இல்லை. கமர், நிலா, இல்லை. நிகாப், புர்கா, தலாக், பக்கீர் ஆகியவையே வரிசை கட்டி நிற்கின்றன. 2010இல் பிரான்ஸ் முகத்திரைத் தடைச் சட்டம் இயற்றியபோதும், 2017இல் முத்தலாக் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் செய்தித்தாள்களின் தலைப்பில் நின்ற சொற்கள் இவை. "நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள இவைதாமா கிடைத்தன?" என்றேன்.

மகள் உடனே மறுத்தாள். "எழுதுகோலுக்கும் நிலாவுக்கும் அவங்ககிட்டயே சொல் இருக்கு வாப்பா. இல்லாததைத்தானே கடன் வாங்குவாங்க? கிப்லாவும் கனாத்தும்கூட இதில் இருக்கே. தமிழ் மட்டும் என்ன எடுத்துச்சு?"

நான் யோசித்தேன். காஃபுடைய சொற்களில் தமிழ் எடுத்துக்கொண்டவை எவை? பாக்கி. நகல். கைதி. தாலுகா. இலாகா. முகாம். கசாப்பு. ஏறக்குறைய எல்லாம் கச்சேரிச் சொற்கள். அதாவது பாட்டுக் கச்சேரி அல்ல, பழைய நாளில் அலுவலகத்துக்குப் பெயராயிருந்த கச்சேரி. நவாபின் எழுத்தரும் வரி தண்டுபவரும் பேசியதைத் தமிழ் காதில் வாங்கி, காஃபைத் தன் ககரமாக்கி, ஒட்டுத் தெரியாமல் வைத்துக்கொண்டுவிட்டது. வேற்று மொழிச் சொல்லை எடுக்கலாம், அதன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தில் எடுக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து நெறி. ஆகவே பாக்கியைச் சொல்லும் எவருக்கும் அதன் உள்ளே ஒரு காஃப் உறங்குவது தெரியாது. நம் முன்னோரின் அரபுத்தமிழ் ஏடுகளில் மட்டும் காஃப் தன் இரண்டு புள்ளிகளோடு விழித்திருக்கிறது. ஆங்கிலம் செய்ததோ வேறு. சொல்லையும் எடுத்தது, இது வேற்றூர் என்று காட்டும் எழுத்தையும் அப்படியே வைத்துக்கொண்டது. அதனால்தான் என் மகளுக்கு அங்கே 10 மதிப்பெண். எது மேல் என்று நாங்கள் அன்றிரவு தீர்க்கவில்லை. மணி பதினொன்றாகி, அவள் உம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

போட்டியிலிருந்து அவள் மாலையில் திரும்பினாள். மூன்றாம் சுற்றோடு வெளியே வந்துவிட்டாளாம்.

"க்யூ வந்துச்சு வாப்பா. ஒரு ஏ கூட வரலை. கையிலே ஈயும் ஓவுமா இருந்துச்சு. சில்லை மாற்றிக்கிட்டேன், ஒரு முறை வீணாப் போச்சு."

"வருத்தமா?"

"கொஞ்சம்" என்றாள். புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பு, முழுவதும் ஆங்கிலம். யார் வருகிறார்கள் என்று எழுதும் இடம் நிரப்பப்படாமல் இருந்தது. பேனாவையும் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஆறில் நாலாவது என்ன சொன்னீங்க வாப்பா? லபிக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க."